மூடியின் உள்பக்கம்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. தராசு இருந்த வீட்டு நடையின் சுவர் இளம்பச்சை என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் அது எப்போதும் வெள்ளைதான் என்கிறார்கள். ஏரிக்கரையில் பனி படர்ந்த காலைகள் நான் நினைக்கிற அளவுக்கு நிறைய இருந்தனவா என்பதும் தெரியவில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் வாய்க்குப் போயிருக்கலாம். எண்களில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. அவை ஒரு மூடியில் பென்சிலால் எழுதப்பட்டவை. நானே பார்த்திருக்கிறேன்.

தராசுக்காரருக்கு அப்போது ஐம்பது வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் ஓர் ஒற்றை அறைதான் அவர் கடை. மருந்துக்கடைத் தராசு, குழந்தை எடை பார்க்கும் தராசு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு என்று எது கெட்டாலும் அங்கே வரும். அவர் அதிகம் பேசமாட்டார். தராசை மேசையில் வைத்து, நீர்மட்டம் பார்த்து, மெல்லிய துணியில் சுற்றி வைத்திருக்கும் எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றுவார். எடைக்கல்லை வெறுங்கையால் தொடமாட்டார். கைரேகைக்குக்கூட எடை உண்டு என்பது அவர் எண்ணம்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தொழில் கற்ற பட்டறையில் எல்லோருக்கும் இருந்த பழக்கம் அது. ஒரு தராசைத் திறந்தால், கை வைப்பதற்கு முன்னால் அது எவ்வளவு தப்பாகக் காட்டியது என்று மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். வேலை முடிந்து மூடுவதற்கு முன்னால், இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும், தேதியோடு. வெளியே யாருக்கும் தெரியாது. அடுத்து அதைத் திறக்கிற ஆளுக்குத் தெரிந்தால் போதும். அந்த ஊரில் பாதித் தராசுகளின் வயிற்றுக்குள் அவருடைய சின்னச் சின்ன எண்கள் இருந்தன.

மனைவி தையற்காரி. ஊசி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்; ஒல்லியாக இருந்ததால் வந்த பெயரா, தொழிலால் வந்த பெயரா என்று அவளுக்கே தெரியாது. அவரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார். வீட்டின் முன்னறையில் அவளுடைய இயந்திரமும், வெட்டுகிற மேசையும், நிலைக்கண்ணாடியும் இருந்தன. பெரிதானதைப் பிடித்துக் கொடுப்பதும், சிறிதானதைப் பிரித்துவிட்டுக் கொடுப்பதும்தான் அவளுக்கு முக்கால்வாசி வேலை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அவர் எடை பார்ப்பார், அவள் அளவு எடுப்பாள். சாப்பிடும்போது இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மா இருப்பதில் சண்டை எதுவும் இருக்காது.

குளியலறைக்குப் போகும் நடையில் ஒரு தராசு இருந்தது. ஏறி நின்றால் கண்ணாடிக்குள் முள் சுழன்று எண்ணைக் காட்டும் பழைய மாதிரி. ஏதோ மருத்துவமனை கழித்துவிட்டதை அவர் வாங்கி வந்து புதிதாக்கி வைத்திருந்தார். அதற்கென்று தரையில் ஒரு கல்லையே சமமாகப் பதித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசி அதில் ஏறுவாள். முள் ஐம்பத்து நான்கில் வந்து நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து அதே ஐம்பத்து நான்கு.

அவளுக்கு நாற்பத்தாறு நடந்த வருடம் அந்த முள் நகர ஆரம்பித்தது. ஐம்பத்தைந்து. இரண்டு மாதம் கழித்து ஐம்பத்தாறரை. ஊசிக்குச் சிரிப்பாக இருந்தது. தங்கைக்குச் சிரிப்பாக இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், அக்காவைவிட ஆறு வயது சின்னவள், பதினான்கு கிலோ பெரியவள்.

"நான் இப்படி இருக்கறது பரம்பரை. நீ இப்படி ஆகறது சோம்பேறித்தனம். ரெண்டும் ஒண்ணு இல்லக்கா" என்றாள்.

"பரம்பரைன்னா எனக்கும் அதே அம்மா அப்பாதானேடி?"

"பேச்செல்லாம் நல்லாத்தான் பேசற. நாளையிலிருந்து ஏரிய நாலு சுத்து."

ஒரு தாளில் பட்டியல் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். காலையில் ஒரு முட்டை, வெள்ளைக்கரு மட்டும். மதியம் வேகவைத்த காய். மாலையில் வெறும் டீ. சர்க்கரை என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதி அடித்திருந்தாள்.

ஊசி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. விடிந்தும் விடியாமலும் கிளம்பி ஏரியை நான்கு முறை சுற்றினாள். தராசுக்காரரும் கூடப் போவார். தண்ணீருக்கும் பாதைக்கும் வித்தியாசம் தெரியாமல் பனி மூடியிருக்கும். முன்னால் போகிற அவள் முதுகு சில சமயம் கரைந்து, மறுபடியும் தெரியும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மூன்று மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. பட்டியலில் இல்லாத ஒரு பருக்கை அவள் வாய்க்குள் போகவில்லை. மூன்று மாதத்தின் முடிவில் முள் ஐம்பத்தெட்டைக் காட்டியது.

"திருட்டுத் தீனி ஏதாவது உண்டா?" என்று தங்கை நாலு பேர் முன்னால் விளையாட்டாகத்தான் கேட்டாள். தெருமுனை கிளினிக்கில் இருந்த டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார், விளையாட்டாக இல்லாமல். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதாம்மா. வாயைக் கட்டுங்க" என்றார். அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அவள் இன்னும் கட்டினாள். இரவுச் சாப்பாட்டை விட்டாள். பிறகு மதியக் காயைப் பாதியாக்கினாள். ஒரு நாள் மத்தியானம் இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து விழுந்தாள். ஊசிமுனை விரல் நுனியில் ஏறியிருந்தது. தராசுக்காரர் கடையிலிருந்து ஓடி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லங்க. கண்ணுக்கு முன்னாடி எல்லாம் வெள்ளையாச்சு, அவ்வளவுதான்."

"சாப்பிடு, ஊசி."

"ஞாயித்துக்கிழமை பார்க்கலாம். குறைஞ்சிருந்தா சாப்பிடறேன். கூடியிருந்தா இந்த டீயும் வேண்டாம்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை அவள் நூல் வாங்கப் போயிருந்தாள். மேற்கு ஜன்னலிலிருந்து வந்த வெயில் நடையில் நீளமாக விழுந்து கிடந்தது. தராசுக்காரர் தராசைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினார். முள்ளைப் பின்னால் தள்ளி வைப்பது எளிது. ஆனால் யாரும் ஏறாதபோது முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும், ஊசியின் கண்ணுக்கு அது தப்பாது. அதனால் அவர் பூஜ்யத்தைத் தொடவில்லை. உள்ளே இருந்த நெம்புகோலின் தாங்குமுனையை மட்டும் ஒரு மயிரிழை நகர்த்தினார். ஆளில்லாதபோது தராசு உத்தமமாகப் பூஜ்யத்தில் நிற்கும். ஆள் ஏறினால்தான் பொய் சொல்லும்.

இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு தராசுக்கும் இதைச் செய்ததில்லை. பழைய பேப்பர் வாங்குகிறவன் ஒருவன் வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து கெஞ்சுவான். "அம்பது கிராம்தானேண்ணே. காத்துல பறந்து போற எடை." அவர் சொல்லுவார்: "காத்துல போறதை நீ எதுக்குடா பிடிச்சு வைக்கணும்?" தெரு முழுக்கச் சிரிக்கும்படி திட்டி அனுப்புவார்.

மூடியை மாட்டப் போனபோது கை நின்றது. பிறகு பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து மூடியின் உள்பக்கத்தில் எழுதினார்: 58. பக்கத்தில்: 57. கீழே தேதி. எழுதாமல் மூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஊசி தராசில் ஏறிக் குனிந்து பார்த்தாள். ஒரு தரம் இறங்கி, மறுபடியும் ஏறினாள். "என்னங்க! இங்க வாங்களேன். ஒரு கிலோ!" அன்று அவள் இரண்டு முட்டை தின்றாள், மஞ்சள் கருவோடு. மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு முன்னறைத் தரையில் படுத்துத் தூங்கினாள். தராசுக்காரர் வாசலில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறைதானே, என்று நினைத்துக்கொண்டார். உடம்பு தேறட்டும். நடக்கிறாள், அளவாகச் சாப்பிடுகிறாள், எடை எப்படியும் தானே இறங்கும். இறங்கும்போது தராசைப் பழையபடி ஆக்கிவிடலாம்.

எடை இறங்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தராசைத் திறந்தார். முந்தின ஞாயிறு அது காட்டியதிலிருந்து உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று மனதில் போட்டுப் பார்ப்பார். வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. அவள் சாப்பிட்ட வாரமும் அரை, சாப்பிடாத வாரமும் அரை. ஏரியை நான்கு சுற்று சுற்றினாலும் ஆறு சுற்று சுற்றினாலும் அரை. மூடியின் உள்பக்கத்தில் இடது வரிசை ஏறிக்கொண்டே போனது, வலது வரிசை இறங்கிக்கொண்டே வந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சொன்னால் அவள் மறுபடியும் பட்டினி கிடப்பாள். போதாததற்கு, இத்தனை நாள் அவளை ஏமாற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முள் ஐம்பத்து நான்குக்கு வந்துவிட்டால் அவள் தராசை மறந்துவிடுவாள், பிறகு நிதானமாக யோசிக்கலாம் என்று தள்ளிப் போட்டார்.

அந்த வாரங்களில் ஒரு நாள் பழைய பேப்பர்க்காரன் வந்தான்.

"என்னண்ணே, கோர்ட்டு கூடிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே தராசை மேசையில் வைத்தான்; அந்தக் கடைக்கு அவன் வைத்த பெயர் அது. "வழக்கமா கேக்கறதுதான். அம்பது கிராம்."

தராசுக்காரர் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தராசைத் திறந்து, துடைத்து, சரிபார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"திட்டுங்கண்ணே" என்றான் அவன் கொஞ்ச நேரம் நின்று. "நீங்க திட்டாம இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. வீட்ல எல்லாரும் சுகம்தானே?"

ஊசிக்கு வேறொரு குழப்பம் இருந்தது. முள் இறங்க இறங்க அவளுடைய இடுப்பளவு ஏறியது. முப்பத்தொன்றாக இருந்தது முப்பத்து மூன்றாகி, முப்பத்தாறாகி, முப்பத்தெட்டுக்கு வந்தது. டேப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். "வெந்நீர்ல விழுந்து சுருங்கியிருக்கும்" என்று புது டேப் வாங்கி வந்து இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்துப் பார்த்தாள். கோடும் கோடும் ஒன்றாகவே இருந்தன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டையும் சுருட்டி வைத்துவிட்டு, தனக்கென்று தளர்வாக ஒரு மேலங்கி தைத்துக்கொண்டாள்.

"எனக்கு அளவெடுக்கத் தெரியாம போச்சுங்க. உங்க தராசு குறையுதுங்குது. என் டேப்பு கூடுதுங்குது."

அவர் தண்ணீர் குடித்தார்.

"உங்க தராசுதான் சரியா இருக்கும்" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

அவள் கைகள் மெலிந்துவந்ததை அவர் பார்த்தார். கைக்கடிகார வாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. கன்னத்து எலும்பு தெரிந்தது. எடை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை என்று ஒரு தராசுக்காரனுக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சில நாள் மத்தியானம் கடையில் கண் அசந்தால் ஒரே கனவு வந்தது. ஏரி நடுவில் ஒரு பெரிய தட்டுத் தராசு. ஒரு தட்டில் ஊசி உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றத் தட்டில் அவர் கல்லாக அடுக்கிக்கொண்டே இருக்கிறார். அவள் தட்டு எழும்பவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் மட்டும் மெல்ல மெல்ல அவள் மடி வரை ஏறுகிறது. அவள் தலை நிமிராமல் தைக்கிறாள்.

"நடக்கும்போது யாரோ கூட நடக்கற மாதிரி இருக்கு" என்றாள் ஒரு காலை, பனிக்குள் நின்று. "நான் நின்னா ஒரு நொடி கழிச்சுத்தான் அது நிக்குது. உள்ள தண்ணி அசையற மாதிரி." இன்னொரு நாள் பேருந்தில் நடந்ததைச் சொன்னாள். ஒரு சின்னப் பெண் எழுந்து, உட்காருங்க, எத்தனாவது மாசம் என்று கேட்டிருக்கிறாள். "இல்லன்னு சொல்லத் தோணலங்க. ரெண்டு ஸ்டாப் உட்கார்ந்துட்டு வந்தேன். நல்லா இருந்துச்சு." அவர்களுக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி அந்த வீட்டில் பேசி இருபது வருடம் ஆகியிருந்தது. அன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாவது ஞாயிற்றுக்கிழமை முள் ஐம்பத்து நான்கில் வந்து நின்றது. அதாவது, தராசுக்காரர் நிற்க வைத்தார். உண்மையில் அறுபத்து மூன்று.

தங்கை வெற்றியைக் கொண்டாட ஒரு பெரிய கேக்கோடு வந்தாள். "பட்டியல் யார் போட்டது? அதச் சொல்லுங்க முதல்ல. அத்தான், நீங்களே சொல்லுங்க, யாரு?"

"நீதான்."

"சத்தமாச் சொல்லுங்க. உங்க வாயிலருந்து சத்தம் வந்து வருஷமாச்சு."

ஊசி சோபாவில் சாய்ந்து, தளர்ந்த மேலங்கிக்குள் கைகளை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கியது. கேக்கை ஒரு வாய்தான் தின்றாள், அதற்கு மேல் இடமில்லை என்றாள். தங்கை இரண்டு துண்டு தின்றுவிட்டு, கை கழுவப் போகிற வழியில் தராசைப் பார்த்தாள். அந்தத் தராசில் அவள் ஏறியதே இல்லை. "எங்க பள்ளிக்கூடத் தராசு மரியாதை தெரிஞ்சது, உங்களது வாயாடி" என்று தாண்டிப் போவாள். அன்று என்ன தோன்றியதோ, ஏறினாள்.

"அக்கா!"

அலறலைக் கேட்டு இரண்டு பேரும் நடைக்கு வந்தார்கள்.

"அறுபது! நான் எழுபதுக்கா. முந்தாநாள்தான் பார்த்தேன். நடுவுல ஒரு கல்யாண வீட்டுக்கு வேற போயிட்டு வந்திருக்கேன். கேக்க வேற முழுங்கியிருக்கேன். பத்து கிலோ எங்க போச்சு?" இறங்கிக் குனிந்து முள்ளைப் பார்த்தாள். அது அமைதியாகப் பூஜ்யத்தில் நின்றது. "பாழாப் போச்சு அத்தான் உங்க தராசு. ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு போல. வயசாச்சுல்ல அதுக்கும். தூக்கிப் போடுங்க."

அவ்வளவுதான். ஆமாம், தளர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவு தானாகத் திறந்து நிற்கிறது, அவர் நடந்து வெளியே போக வேண்டியதுதான் பாக்கி. தராசுக்காரர் வாயைத் திறந்தார்.

அதற்குள் ஊசி பேசினாள். "சும்மா இருடி. அவர் கை வச்ச தராசு தப்புச் சொல்லாது. உங்க பள்ளிக்கூடத்துத் தராசப் போய்ப் பாரு."

அவர் அவளைப் பார்த்தார். நடையின் வெளிச்சத்தில், சுவரில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். இந்த உலகத்தில் எதைச் சந்தேகப்பட்டாலும் இதைச் சந்தேகப்படமாட்டேன் என்கிற முகம். அவர் போய்ச் சின்னத் திருப்புளியை எடுத்து வந்தார். தரையில் உட்கார்ந்தார். தராசைக் கவிழ்த்து, நான்கு திருகையும் கழற்றி, மூடியை அவள் கையில் கொடுத்தார்.

ஊசி மூடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் படித்தாள். தையற்காரிக்கு இரண்டு வரிசை எண்களைப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தங்கை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். குழாய் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம்தான் நிஜம்?" என்றாள் ஊசி.

"ஆமா."

"அறுபத்து மூணு."

"ஆமா."

"அப்ப என் டேப்பு பொய் சொல்லல."

அவர் தலையைக் குனிந்தார். அவள் இன்னும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே மாதிரி ஏறுது பாருங்க. நான் மயக்கம் போட்ட வாரமும் சரி, வயிறாரச் சாப்பிட்ட வாரமும் சரி, ஒரே மாதிரி." குரல் மெல்ல இறங்கியது. "இது நான் தின்னது இல்லங்க. இது வேற ஏதோ."

"கிளம்பு" என்றாள் தங்கை. அவள் முகத்தில் அப்போது விளையாட்டு டீச்சர் இல்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்கு. இப்பவே. அந்த மூடியையும் எடுத்துக்க."

பெரிய மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை பணியில் இருந்த டாக்டரம்மா முதலில் பொறுமையில்லாமல்தான் கேட்டார். டயட், நடை, வயசு என்று கேட்டுக்கொண்டே போனார். ஊசி பையிலிருந்து தராசு மூடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்ன இது?"

"என் எடைங்க. வாரா வாரம்."

டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "யார் எழுதினது?"

"நான்தான்" என்றார் தராசுக்காரர். "இடது பக்கத்தை மட்டும் பாருங்க. வலது பக்கம்..."

"வலது பக்கம் அவர் எனக்காக எழுதினது" என்றாள் ஊசி.

டாக்டரம்மா விரலை இடது வரிசையில் மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். எழுந்து வந்து ஊசியைப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தார். ஒரு பக்கம் கையை வைத்து மறுபக்கம் மெதுவாகத் தட்டினார். பிறகு அவர் முகத்தில் பொறுமையின்மை இல்லை. ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி. வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்டு, குடலை மேலே தள்ளி, வலது சிறுநீரகத்துக் குழாயை நசுக்கி வைத்திருந்தது.

புதன்கிழமை அறுவைச் சிகிச்சை. மூன்றரை மணி நேரம். வெளியே நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தராசுக்காரரும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு மணி நேரம் தங்கை ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அது பெரிய சாதனை.

"திருட்டுத் தீனின்னு கேட்டேன் அத்தான்" என்றாள் கடைசியில். "அதுவும் எத்தனை பேர் முன்னாடி."

அவர் அவளுடைய கையைத் தட்டிக் கொடுத்தார்.

"உங்க மேல எனக்கு வெறுப்பா இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

"தெரியும்மா."

டாக்டரம்மா வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். கட்டியை உடையாமல் முழுதாக எடுத்துவிட்டதாகச் சொன்னார். பதினொன்றரைக் கிலோ. "எங்க தியேட்டர்ல எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போனாங்க."

"எந்தத் தராசுல நிறுத்தீங்க?" என்றார் தராசுக்காரர்.

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. தங்கைதான் "அத்தான், சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஐம்பத்து நான்கு, அறுபத்து மூன்று ஆகியிருந்தது, கூடியது ஒன்பது. எடுத்தது பதினொன்றரை. அப்படியானால் இரண்டரைக் கிலோ அவள் நிஜமாகவே இளைத்திருக்கிறாள். தின்னாமலும், பனியில் நடந்தும், ஒருவரும் நம்பாமலும் அவள் பாட்டுக்குக் குறைந்துகொண்டிருந்திருக்கிறாள். அது எந்த முள்ளிலும் தெரியவில்லை. அவர் மூடியிலும் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"பத்து வாரம் முன்னாடி வந்திருந்தா?"

"கிட்னி கொஞ்சம் தப்பிச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

ஊசி நான்காவது நாள்தான் அவரிடம் பேசினாள். கட்டில் தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்தார்கள். வயிறு இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அவள் அடிக்கடி அங்கே கையை வைத்து, எதையோ காணாதவள் போல எடுத்துக்கொண்டாள்.

"எனக்குச் சாப்பாடு இறங்கணும்னுதான் செஞ்சீங்க. அது எனக்குப் புரியுது" என்றாள். "ஆனா என் உடம்புல நடக்கறத எனக்குச் சொல்லாம அந்த மூடிகிட்டப் போய்ச் சொல்லியிருக்கீங்க. வாரா வாரம். தேதி போட்டு."

அவர் கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்னை நம்பினதால" என்றார் அவர்.

"நல்லா இருக்கு நியாயம்" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சூப் கொண்டு வந்தீங்களே, ஆறிடப் போகுது. எடுங்க" என்றாள்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. ஊசியின் வலது சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டிவிட்டு வருகிறாள். தையல் வேலையைத் தொடர்கிறாள், மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்கிறாள். தராசுக்காரரோடு ஒரு வருடம் அளந்துதான் பேசினாள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி. அவர் கடையை இன்னும் நடத்துகிறார். பழைய பேப்பர்க்காரனைத் திட்டுவதை மட்டும் விட்டுவிட்டார், அவனும் கேட்பதை விட்டுவிட்டான். வீட்டுத் தராசைப் பிரித்து உதிரிபாகமாக்கினார். மூடியை டாக்டரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். மாணவர்களுக்குக் காட்டுகிறார்; நானும் அதை அவரிடம்தான் பார்த்தேன். தெருமுனை கிளினிக் மூடப்பட்டது; அங்கே இப்போது கண்ணாடிக் கடை இருக்கிறது. தங்கை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனாள். அவள் எடை எழுபத்து மூன்று.